மூணாம் லயம் ஏழாம் கதவின் இடுப்பளவு

முன்பின் அறியாத எவனோ ஒருவன் உங்கள் இடுப்பளவைக் கால் அங்குலம் பிசகாமல் சொன்னால் என்ன செய்வீர்கள்? போலீசுக்குப் போவீர்களா, இல்லை நாளையிலிருந்து சோற்றைக் குறைப்பீர்களா?

எங்களுக்குத் தெரிந்த முப்பத்தொரு பெண்கள் இந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைத்தான் யோசித்தார்கள். யோசிக்க வைத்தவன் நான். இத்தனைக்கும் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் கணினியின் பாதுகாப்பைப் பலப்படுத்துவதுதான் என் ஒரே வேலையாக இருந்தது.

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய சிலிபினில் எங்கள் வீட்டு ஹால் பாதி ஹால், பாதி தையல் கடை. அம்மா பிளவுஸ் தைக்கிறார். ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறார்கள், வாயை மூடத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அம்மாவின் பெயர் நிலைத்தது அந்த இரண்டாவது காரணத்தால். அளவெடுக்கும்போது அவர் எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். டேப்பைப் பார்ப்பார், மனத்தில் வைத்துக்கொள்வார், உள்ளே போய் எழுதுவார். யாரிடமும் "போன தடவைக்கு ரெண்டு இஞ்சு கூடிருச்சு" என்று சொன்னதில்லை. தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பார், அவ்வளவுதான். அதனால் தூரத்துப் பாகான் டத்தோவிலிருந்துகூடத் துணியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்கள் பழைய எஸ்டேட்டுக்காரர்கள். நான் பிறப்பதற்கு முன்பே அங்கே ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். ஆனால் லய எண் மட்டும் ஒருவரையும் விட்டுப் போகவில்லை. எஸ்டேட்டில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்ததால் ஆளை எண்ணால் சொல்லிப் பழகிவிட்டார்கள். நாங்கள் இரண்டாம் லயம் நாலாம் கதவு, சுருக்கமாக ரெண்டு-நாலு. எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் சாவுச் செய்தி "நாலாம் லயம் பன்னெண்டு தவறிட்டாங்க" என்றுதான் வரும். யார், எப்போது, மூத்தவரா இளையவரா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். மாலை எங்கே வாங்குவது என்று மட்டும் கேட்பார்கள்.

அம்மாவின் அளவுக் கோப்பிலும் முதல் கட்டத்தில் லய எண், அடுத்து பெயர், அடுத்து தொலைபேசி, அப்புறம் மார்பு, இடுப்பு, கை, கழுத்து.

கோப்பு இருந்த லேப்டாப் ஒரு கொடுமை. அதில் ஒரு மென்பொருள்கூட நேர்வழியில் வந்ததில்லை. எல்லாம் பூட்டுடைத்த காப்பி, ஒரு பென்டிரைவில் ஊர்சுற்றி வந்தவை. ஜன்னல் திறந்தால் சூதாட்ட விளம்பரம், மூடினால் இன்னொன்று. ஒரு வியாழக்கிழமை அளவுக் கோப்பைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கோளாறு கண்ணாடியில் இல்லை. நல்ல வேளை, இரண்டு வாரத்துக்கு முந்தைய பிரதி என்னிடம் இருந்தது.

நான் ஈப்போவில் கணினி படிக்கிறவன். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் காத்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்து லினக்ஸ் போட்டேன்.

"என்னடா இது, பழைய ஸ்டார்ட் பட்டன் எங்க?"

"அது போச்சும்மா. இது லினக்ஸ். ஓப்பன் சோர்ஸ்."

"ஓப்பன்னா?"

"உள்ள என்னா எழுதிருக்குன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம். திருட்டுத்தனம் ஒளிய எடம் இல்ல."

"யாரு வேணும்னாலும் பாக்கலாம்னா அப்புறம் எதுக்குடா பூட்டு போட்டுக்கிட்டு இருக்க?"

"அலாமாக், புரோகிராமைத்தான் பாக்கலாம்மா. உங்க ஃபைல இல்ல."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்போதே மதித்திருக்கலாம்.

அடுத்து பாஸ்வேர்டு. அதுவரை இருந்தது என்ன தெரியுமா? எங்கள் எஸ்டேட் பெயரும் ரெண்டு-நாலும். எங்கள் குழுவில் பாதிப் பேரின் வைஃபை பாஸ்வேர்டு இந்த மாதிரிதான். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே இணைந்துவிடுவேன். மாமா வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதன் ஆபத்தை விளக்கினேன். "குரூப்ல எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர்ல பூட்டுனா அது பூட்டு இல்ல மாமா" என்று சொன்னபோது எனக்கே கைதட்டத் தோன்றியது.

எண்ணிட்ட ஒரு சொல்பட்டியலிலிருந்து அம்மாவுக்குப் பகடை உருட்டி ஆறு சொற்கள் தேர்ந்தெடுத்தேன். குடை, வெங்காயம், ரயில், சிலந்தி, தலையணை, உப்பு. மறந்துபோகும், முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். ஒரே தடவை கேட்டார், மனப்பாடம். மூன்றாம் நாள் நான்தான் மறந்து நின்றேன். சமையலறையிலிருந்து கத்தினார்: "சிலந்திக்கு அப்புறம் தலையணைடா!" பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். மறுபடி பகடை உருட்டினேன்.

அதன் பிறகு லேப்டாப் இரும்புப்பெட்டி. முழு வட்டும் குறியாக்கம், வாராவாரம் பிரதி, நெருப்புச்சுவர். திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் அவனுக்குப் பலகாரம் வைக்கத் தட்டுதான் கிடைத்திருக்கும்.

இந்தத் தெம்பில் ஒரு நிரல் எழுதினேன். அளவைக் கொடுத்தால் பிளவுஸ் வெட்டுவதற்கான வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து தரும். முதல் மூன்று தடவை கை வந்து சேரும் கைக்குழி கோணிக்கொண்டு வந்தது.

"இது பிளவுஸா, முறுக்கு போடுற பையா?" என்றார் அம்மா.

நாலாவது தடவை டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பாராட்டு. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் பொதுவில் வைக்கும் ஒரு தளத்தில் அதை ஏற்றினேன். ஓப்பன் சோர்ஸால் வாழ்கிறவன் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எந்தத் தையற்காரரும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்கிறவர் ஓட்டிப் பார்க்க மாதிரி அளவுகள் வேண்டும். கற்பனையாக எழுதச் சோம்பல். அம்மாவின் கோப்பை எடுத்தேன். நான் என்ன முட்டாளா? பெயர்க் கட்டத்தை நீக்கினேன். தொலைபேசிக் கட்டத்தை நீக்கினேன். மிச்சம் இருந்தது 3-7, 5-2, 1-9. வரிசைக்கு ஏதாவது ஓர் அடையாளம் வேண்டுமே, இருக்கட்டும் என்று விட்டேன். வெறும் எண்கள், யாருக்கு என்ன புரியப்போகிறது? தனியுரிமையைக் காத்துவிட்டேன் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்.

சனிக்கிழமை அந்த இணைப்பை எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "என் முதல் ஓப்பன் சோர்ஸ் புரோஜெக்ட். எல்லாரும் சப்போர்ட் பண்ணுங்க."

ஞாயிறு காலை மாமா மகள் அழைத்தாள். அவளும் கணினிதான் படிக்கிறாள். நான் எதைச் செய்தாலும் அதில் ஓட்டை தேடுவது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"மச்சான், ஒன் புரோஜெக்ட் பாத்தேன்."

"எப்பிடி? செம பவரு, இல்ல?"

"பவர் இருக்கட்டும். மூணு-ஏழுக்கு இடுப்பு நாப்பத்தி நாலா?"

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"ஒன்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதான் சேக்கணும் லா. எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர்னு எங்க அப்பாவுக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தது யாரு?"

"நான்தான்."

"அதே நம்பர ஃபைல்ல வச்சு உலகத்துக்கே அனுப்புனது யாரு?"

"பேரு எடுத்துட்டேன் லா!"

"பேரு இருந்தாகூட யாருன்னு யோசிச்சிருப்பாங்கடா. நம்பரப் பாத்தா மூஞ்சியே தெரியும்."

குழுவைத் திறந்தேன். இணைப்புக்குக் கீழே ஒரு பதில் வந்திருந்தது: "அஞ்சு-ரெண்டு, நல்லா மெலிஞ்சிட்டீங்க போல!" அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள், ஒரு முழுத் திரை.

வாசலில் காடி நிற்கும் சத்தம், கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மூணு-ஏழு. கோயிலில் பெண்கள் பக்கத்து ஏற்பாடெல்லாம் அவர்தான் பார்ப்பார். ஆறு வாரத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு, தங்கைகளுக்கு, தமக்கு என்று பதினோரு பிளவுஸ் துணி எங்கள் அலமாரியில் இருந்தது. அம்மாவுக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய கல்யாணம் அது. கல்யாண மண்டபத்தில் அந்தப் பதினோரு பிளவுஸும் நடந்தால் அம்மாவுக்கு அடுத்த இரண்டு வருஷத்துக்கு வேறு விளம்பரம் வேண்டாம்.

"தங்கச்சி, என் துணிய எடு."

"என்னாக்கா, வந்ததும் வராததுமா. உள்ள வாங்க, தண்ணி குடிங்க."

"குடிச்சா எத்தன கிளாஸுன்னு அதுவும் இண்டர்நெட்ல வரும்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

"இருவது வருசமா என் வீட்டுக்காரருக்கே தெரியாது லா அந்த நம்பரு. இன்னிக்குக் காலைல சாப்புட்டுக்கிட்டே கேக்குறாரு, 'நாப்பத்தி நாலாமே?'ன்னு. ஒன் வாயி பூட்டுன்னு நெனச்சுத்தானே தங்கச்சி நான் டேப்புக்கு நின்னேன்?"

அம்மா என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். "நான் இல்லக்கா, இவன்" என்று மூன்று சொல். சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பதினொன்றையும் அதே பையில் போட்டுக் கொடுத்தார். காடி போன பிறகு கேட்டார்.

"எத்தன பேரு?"

"முப்பத்தி ஒண்ணு."

"ரெண்டு-நாலு?"

"இருக்கும்மா."

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மிதிக்கவில்லை.

நான் ஓடிப்போய்க் கோப்பை நீக்கினேன். குழுவில் போட்ட செய்தியையும் அழித்தேன். மாமா மகள் இன்னும் லைனில்தான் இருந்தாள்.

"நீக்குனா போயிருமா? பழைய பதிப்பு எல்லாத்தையும் அது வச்சிருக்கும்ல. நேத்து தேதிய தட்டுனா நாப்பத்தி நாலு அங்கேயேதான் உக்காந்திருக்கு."

உண்மை. அந்தத் தளத்தின் சிறப்பே அதுதான், ஒரு எழுத்து மாறினாலும் மாறுவதற்கு முன்பு என்ன இருந்தது என்று நினைவு வைத்திருக்கும். வகுப்பில் அதைப் புகழ்ந்து நானே பேசியிருக்கிறேன். அந்தப் பதிப்பு வரலாற்றை முதலிலிருந்து திருத்தி எழுத நண்பகல் ஆயிற்று. அப்புறமும் இரண்டு பேர் பிரதி எடுத்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஒருத்தி மாமா மகளேதான். இன்னொருவர் எந்த நாட்டுக்காரரோ. அவருக்குக் கெஞ்சி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: நீக்கிவிட்டேன், கவலைப்படாதே, அப்புறம் உன் கைக்குழிக் கணக்கு இன்னும் தப்பு.

அதற்குள் இன்னும் நாலு பேர் வந்து துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். அலமாரியில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. மாலையில் அம்மா சொன்னார்:

"நீயே போயி சொல்லு. ஒவ்வொரு வீடா."

"மெசேஜ் போட்டுரவாம்மா?"

"மெசேஜ் போட்டதுதானடா இங்க வந்து நிக்குது."

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். தஞ்சோங் ரம்புத்தானில், என்னைச் சேர்க்கச் சொன்ன அதே மருத்துவமனையில், ஒண்ணு-ஒம்பது தாதியாக இருக்கிறார். வேலை முடிந்து வாசலுக்கு வந்தவரிடம் ஒப்பித்தேன். "எங்க பேஷண்டு ஒருத்தரு பேர என் புருசன்கிட்டகூட நான் சொன்னதில்ல, தெரியுமா?" என்றார். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாகான் டத்தோவில் அஞ்சு-ரெண்டு வேறு ரகம். அந்த "மெலிஞ்சிட்டீங்க" செய்தியால் ஆளே குளிர்ந்துபோயிருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சரி, நான் ஃபைல தெறக்குறதுக்குள்ள நீ அழிச்சிட்ட. ஆறு-மூணு எவ்ளோ?"

"தெரியாது ஆன்ட்டி."

"அட, எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"மறந்துட்டேன் ஆன்ட்டி."

எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. இரண்டாவது இளநீர் வரவில்லை.

ஒரு வாரத்தில் எங்கள் வீடு போக இருபத்தேழு வீடு முடிந்தது. மீதி மூன்றில் இரண்டு வீட்டில் ஆள் வெளியூர். மூணு-ஏழு வீட்டுக்கு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் கேட் திறக்கவில்லை. நாய் மட்டும் வந்து விசாரித்தது.

அந்த நாட்களில் அம்மா மெஷினுக்கு எண்ணெய் போட்டார். போட்ட எண்ணெயைத் துடைத்தார். மறுபடி போட்டார். ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து வரும்போது லேப்டாப்பில் உட்கார்ந்து எதையோ நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூடியைச் சாத்திவிட்டார்.

மூன்றாவது வாரம், மழைக்கு முந்தைய ஒரு மத்தியானம், அதே காடி. மூணு-ஏழு அதே பையோடு இறங்கி வந்தார். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, தண்ணி குடு."

அம்மா கொடுத்தார். முழுக் கிளாஸையும் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"டவுன்ல ஒரு கடைக்குப் போனேன். அந்தப் பொண்ணு டேப்ப சுத்திக்கிட்டு, 'நாப்பத்தி அஞ்சு, எழுதிக்கோ'ன்னு தெரு முனைக்குக் கேக்குற மாதிரி கத்துறா. கடைல பாதிப் பேரு நம்ம ஆளுங்க. ஒன் மவனாவது இண்டர்நெட்லதான் போட்டான்."

"நாப்பத்தி அஞ்சா?" என்றேன் கதவோரத்திலிருந்து. வாய், என்ன செய்வது.

"நீ வெளிய போ," என்றார் அம்மா.

போனேன். ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் கேட்டது.

"துணிய வாங்கிக்கிறேன்க்கா. ஆனா ஒண்ணு, பழைய அளவு வேணாம். இன்னிக்கே புதுசா எடுத்துக்கிறேன்."

"இவன் பாக்க மாட்டான்ல?"

"பாத்தாலும் புரியாதுக்கா."

எனக்கு அது உறுத்தியது. புரியாதா? எனக்கா? அவர் போனதும் லேப்டாப்பைத் திறக்கப் போனேன். அம்மாவே கூப்பிட்டுக் காட்டினார், அந்த அளவுக்குத் தைரியம். முதல் கட்டத்தில் லய எண் ஒன்றுகூட இல்லை. பெயரும் இல்லை. தொலைபேசியும் இல்லை. அந்த இடத்தில் புட்டு மாயம் என்று நாங்கள் சொல்லும் இடியாப்பம், சேமியா, ஊறுகாய், கருவாடு, அச்சு முறுக்கு என்று முப்பத்தொரு வரிசை. வரிசையையும் கலைத்துப் போட்டிருந்தார்.

"இதெல்லாம் யாரும்மா?"

"யாரோ."

"கருவாடு ஆறு-மூணுதானே?"

"தேடு. நல்லாத் தேடு."

"எங்க எழுதி வச்சிருக்கீங்க, எது யாருன்னு?"

அம்மா நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

மாமா மகளிடம் சொன்னேன். "அது சரியான முறைதான் மச்சான்," என்றாள். "சாவிய ஃபைலோட வைக்கக்கூடாதுன்னு உங்க அம்மாவுக்குத் தெரியுது பாரு." நிரல் இன்னும் பொதுவில்தான் இருக்கிறது. மாதிரி அளவுகளை இப்போது நானே கற்பனையாக எழுதிவிட்டேன், இடுப்பு பத்து, கழுத்து அறுபது என்கிற மாதிரி, பார்த்ததுமே பொய் என்று தெரிகிற அளவுகள். கைக்குழிக் கணக்கைத் திருத்தியாயிற்று. துணியைத் திரும்ப வாங்கிப்போன நாலு பேரில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள், இரண்டு பேர் வரவில்லை, வருவார்கள் என்று சொல்லவும் முடியாது.

கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். பதினொன்றில் நாலு முடிந்தது. ஐந்தாவது பிளவுஸ் இப்போது மெஷினில் இருக்கிறது.